இரண்டு மடங்குக்கு மேல் இல்லை

மேட்டுச் சாலை, வெல்டன், வெர்மான்ட்
ஜனவரி 11

லூசியன்,

இது என் கையெழுத்து. வகுப்பு ஆசிரியை ஷீலா பிங்கம் எழுதிக் கொடுத்தது என்று நினைப்பாய். இல்லை. அவள் இங்கே இல்லை. சமையலறை மேஜையில் நான் மட்டும் இருக்கிறேன். மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் இப்போதுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. எனக்கு அவசரம் இல்லை. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறது.

அக்டோபரிலிருந்து நாம் பேசவில்லை. முன்பெல்லாம் எனக்குப் பேசாமல் இருப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும்தான். இப்போது பார், பேசாமலே உன்னைத் திட்ட முடிகிறது. இது இத்தனை சுகம் என்று இவ்வளவு வருஷமாக நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பத்திரிகையை நானே படித்தேன். அதில் கோத்ரோ என்று நம் குடும்பப் பெயர் இருந்தது. அச்சில் அதை நானாகக் கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது, அடுத்த வரிக்குப் போகும்வரை. பள்ளி வாரியத் தலைவர் லூசியன் கோத்ரோ, நம் பள்ளி நிர்வாகி டாக்டர் பிரெஸ்காட்டுக்கு ஜூலையிலிருந்து சம்பளத்தை ஏற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதே பக்கத்தில் கீழே, செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு ஜூனோடு நிற்கிறது. பள்ளிச் சமையல்காரி பெவுக்கு இனி அரை நாள் வேலைதான். இரண்டு செய்திக்கும் நடுவில் டிராக்டர் விளம்பரம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டி யாரும் கீழே படிக்கமாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் விளம்பரத்தையும் படித்தேன். எனக்கு எல்லாமே புதிதல்லவா.

லூசியன், எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறேன். வரி ஆபீஸ் கடிதம் வந்தால் பாதிதான் புரிகிறது. ஜூனில் நிறுத்தினால் ஆற்றில் பாதி தூரம் இறங்கியவனைப் போல நிற்பேன். எனக்குத் திரும்பிப் போவதற்கும் இஷ்டமில்லை.

அதனால் ஊரே கூடி வாக்குப் போடும் மார்ச் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஒரே வாக்கியம். "வெல்டனில் எந்தப் பள்ளி நிர்வாகியின் சம்பளமும், இங்கே அதிகச் சம்பளம் வாங்கும் ஆசிரியரின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது." அதையும் நானேதான் எழுதினேன். ஊராரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். உன்னிடம் வரமாட்டேன்.

ஆர்மாண்ட்


பள்ளி வாரியம், வெல்டன்
ஜனவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

தாங்கள் எழுதியிருக்கும் விஷயத்தில் சில விவரங்கள் தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டாக்டர் பிரெஸ்காட்டுக்கு முன்னால் குறைந்த சம்பளத்தில் வந்த நிர்வாகிகள் யாரும் இரண்டு குளிர்காலம் தாங்கவில்லை. கடைசியாகப் போனவர் கொதிகலன் சோதனைத் தாள்களை அனுப்பவே இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் பள்ளியைப் பூட்டிவைத்தோம், நினைவிருக்கும். பெரிய நகரத்துப் பள்ளிகள் மாநிலத்துக்கு என்னென்ன அறிக்கை அனுப்ப வேண்டுமோ அத்தனையும் நம் சின்னப் பள்ளியும் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் குறைவு என்பதால் காகிதம் குறையாது. அந்த வேலை தெரிந்தவர்கள் இந்த மலைக்கு வருவதில்லை. வந்தவர் கேட்டதைக் கொடுத்தோம். இதில் வாரியத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வகுப்பைப் பொறுத்தவரை எனக்கும் வருத்தமே. ஆனால் பள்ளிப் பணம் பிள்ளைகளுக்கானது.

இன்னொன்று. தீவனக் கடையில் பேசிக்கொள்கிறார்கள், இது ஷீலா பிங்கம் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தங்களைத் தூண்டிவிட்டுச் செய்வது என்று. தங்கள் பெயர் இப்படி அடிபடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மனுவைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லூசியன் கோத்ரோ
தலைவர்


மேட்டுச் சாலை
ஜனவரி 25

லூசியன்,

எப்போதிலிருந்து நான் உனக்குத் தாங்கள் ஆனேன்? ஒரே படுக்கையில் கால் மேல் கால் போட்டுத் தூங்கினவன் நீ. பெரிய எழுத்தும் வேண்டாம். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தது வேறு.

ஷீலாவுக்கு மனு விஷயமே தெரியாது. தெரிந்ததும் வேண்டாம் என்றாள். "நான் சம்பளம் வாங்கற எடம் ஆர்மாண்ட், என்னை வச்சு நீங்க சண்டை போடாதீங்க"ன்னாள். "உன்னை வச்சு இல்ல, என்னை வச்சுத்தான்"னேன். அதற்கு அவள் நான் எழுதிய வாக்கியத்தில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போய்விட்டாள். தூண்டுதல் அவ்வளவுதான்.

நீ சொன்னதை நான் நான்கு தடவை படித்தேன். சுயநலம் என்று நீ எழுதவில்லை, ஆனால் அதுதான் எழுதியிருக்கிறாய். ஆமாம், சுயநலம்தான். எனக்கு வகுப்பு வேண்டும். பிரெஸ்காட்டுக்குச் சம்பளம் வேண்டும். அவர் கேட்டால் அது நிர்வாகம், நான் கேட்டால் சுயநலமா? இந்த ஊர்ப் பள்ளிக்கு வரி கட்டிக்கொண்டே இருந்தவன் நான். அந்தக் கட்டடத்திலிருந்து எனக்கு ஒரு எழுத்துகூட வந்ததில்லை. அங்கே இங்கிலீஷ் தெரியாமல் பிரெஞ்சில் பேசியதற்கு மூலையில் நிற்க வைத்தார்கள், அப்புறம் அப்பா மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நீ பிறந்தபோது மாடுகள் குறைந்துவிட்டன, நீ படித்தாய். அதில் எனக்குப் பொறாமை இல்லை. இப்போதுதான் என் முறை வந்திருக்கிறது, அதையும் நீயே எடுக்கிறாய் என்பதுதான்.

கையெழுத்து வாங்கிய கதையைக் கேள். ஏரி உறைந்துவிட்டது அல்லவா, எல்லோரும் மீன் பிடிக்க ஏரிப் பனியில் துளை போட்டு, அதன்மேல் வைத்த குடிசைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே ஒரே இடத்தில் இருக்கிறது, எங்கேயும் ஓட முடியாது. நார்ம் பிக்கெட் குடிசைக்குப் போனேன்.

"என்ன காகிதம் அது?"ன்னான்.

"படிக்கிறேன், கேளு."

"நீயா? படிக்கப் போறியா?"

"வாயை மூடு. தூண்டிலைப் பாரு."

படித்தேன். நிர்வாகி என்ற சொல்லில் நின்றேன். அவன் காத்திருந்தான். மறுபடி ஆரம்பித்தேன். அதற்குள் தூண்டில் மணி அடித்தது, மீன் இழுக்கிறது, அவன் எழுந்திருக்கவில்லை. "முடிச்சுத் தொலை, மீன் போவுது"ன்னான். முடித்தேன். மீன் போய்விட்டது. "உன்னால போச்சு, அதுக்காகவே போடறேன்"ன்னு கையெழுத்துப் போட்டான்.

இப்படியே எல்லாக் குடிசையும் ஏறி இறங்கினேன். போடாதவர்களும் உண்டு. உன் மச்சான் போடவில்லை, ஆனால் காபி கொடுத்தான். தேவையான கையெழுத்து சேர்ந்துவிட்டது. ஊர் எழுத்தர் எல்வாவிடம் நேற்றுக் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தினாள். அந்தச் சத்தம் ரொம்ப நன்றாக இருந்தது.

அக்டோபர் விஷயத்தை நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீ என் தபால்களைப் படிக்க வந்தாய். நான் ஏற்கனவே உறைகளைப் பிரித்து வைத்திருந்தேன். அதற்கு நீ என்ன சொன்னாய்? "நான்தான் இருக்கேனே, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" அதனால்தான் வாசலைக் காட்டி உன் தொப்பியை எடுத்து உன் கையில் கொடுத்தேன். இப்போதும் கொடுப்பேன்.

ஆர்மாண்ட்


ஜனவரி 30, திங்கள்

ஆர்மாண்ட்,

சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் மனுவின் தலைப்பில் "வெல்டன் ஊர்க் கூட்டத்துக்கு" என்று எழுதியிருக்கிறாய். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நடப்பது ஒரு கூட்டம் இல்லை, இரண்டு. காலையில் ஊர்க் கூட்டம். அது முடிந்ததும் கூட்டத்தை நடத்தும் மேவிஸ் சுத்தியைத் தட்டி மூடிவிட்டு, மறுபடியும் தட்டிப் பள்ளிக் கூட்டத்தைத் திறப்பாள். அதே அறை, அதே நாற்காலி, அதே ஆட்கள். ஆனாலும் சட்டப்படி வேறு வேறு. ஊர்க் கூட்டத்துக்குப் பாலமும் சாலையும்தான். பள்ளிச் சம்பளத்தில் அது ஒன்றும் செய்ய முடியாது. எல்வா நீ எழுதியபடியே ஊர்க் கூட்ட அறிவிப்பில் சேர்த்துவிட்டாள். எல்லோரும் கை தூக்கினாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

தலைப்பை மாற்றிப் பள்ளிக் கூட்டத்துக்கு என்று அதே கையெழுத்துகளோடு கொடுக்கலாம். வியாழக்கிழமை மதியம் கடைசி.

இதை உனக்குச் சொல்ல வேண்டிய கடமை வாரியத் தலைவருக்கு இல்லை. சனிக்கிழமை அறிவிப்பைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். உன் மனுவை இப்போதும் எதிர்க்கிறேன். ஆனால் தோற்றால் ஊர் கையால் தோற்றுப் போ. தலைப்பால் தோற்காதே.

லூசியன்


பிப்ரவரி 4

லூசியன்,

உன் கடிதம் இன்றைக்கு, சனிக்கிழமைதான் கையில் கிடைத்தது. செவ்வாய் இரவு விழுந்த பனியில் மேட்டுச் சாலை மூடிவிட்டது. பனி தள்ளும் வண்டி வந்து என் தபால் பெட்டியையும் சேர்த்துப் புதைத்துவிட்டுப் போனது. இன்றைக்குத் தோண்டி எடுத்தேன். வியாழக்கிழமை எங்கே இருக்கிறது?

உன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் என் புகைபோக்கி தெரியும். பனி நடைச் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் காபி ஆறுவதற்குள் வந்திருப்பாய். தொலைபேசி வேறு இருக்கிறது. அப்படியும் கடிதம் போட்டாய், நாம் பேசுவதில்லை என்பதற்காக.

கோபத்தில் இதை எழுத ஆரம்பித்தேன். பாதியில் யோசித்தேன்: நீ தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் நான் எடுத்திருப்பேனா? எடுத்திருக்கமாட்டேன். அதனால் அந்தக் கோபத்தைப் பாதி குறைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

மேவிஸின் தீவனக் கடைக்குப் போனேன். கூட்டத்தை நடத்துபவள் அவள்தானே, கேட்டேன். "மனு போச்சு ஆர்மாண்ட்"ன்னாள். "ஆனா பட்ஜெட்டு பள்ளிக் கூட்டத்துல வரும். மொத்தத் தொகையைக் குறைக்கணும்னு யாரு வேணா எழுந்து நின்னு சொல்லலாம். அதுக்குக் காகிதம் வேணாம், கால் இருந்தாப் போதும்."

கால் இருக்கிறது. சம்பள உயர்வு எவ்வளவோ அவ்வளவையும் மொத்தத்தில் குறைக்கச் சொல்லி எழுந்து நிற்பேன்.

ஆர்மாண்ட்


பிப்ரவரி 20

ஆர்மாண்ட்,

இதைத் தலைவராக எழுதவில்லை. மெதுவாகப் படி.

கூட்டம் மொத்தத் தொகையைத்தான் குறைக்க முடியும். எதில் குறைப்பது என்று வாரியம்தான் முடிவு செய்யும். பிரெஸ்காட்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. அதைத் தொட்டால் வழக்கு. ஆகவே நீ குறைக்கும் பணம் எங்கே வெட்டப்படும்? பெவின் சமையலறை முழுதாக மூடும். ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பேருந்து நிற்கும். மதியம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறின ரொட்டியைச் சாப்பிடுவார்கள், அதற்குக் காரணம் ஆர்மாண்ட் கோத்ரோ என்று ஊர் சொல்லும். நான் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியாக வேண்டும். சொல்வேன். உனக்கு எதிராக ஊர் முன்னால் பேச எனக்கு ஆசை இல்லை.

என் பதவிக் காலமும் இந்த மார்ச்சோடு முடிகிறது. வழக்கம்போல யாரும் எதிர்த்து நிற்கமாட்டார்கள். இத்தனை வருஷம் சம்பளம் இல்லாமல் செவ்வாய் மாலைகளைக் கொடுத்திருக்கிறேன். என்னைத் திருடனைப் போல நிற்க வைக்காதே.

லூசியன்


மேட்டுச் சாலை
மார்ச் 9

லூசியன்,

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். வாரியத்தின் குறிப்பில் நீ எழுதுவது நான்கு வரி இருக்கும்: தீர்மானம் வந்தது, விவாதம் நடந்தது, வாக்கு எடுத்தோம். இந்த ஊரில் நடந்ததையெல்லாம் இதுவரைக்கும் நீதான் எழுதிவைத்தாய். இந்தக் கூட்டத்தை நானும் எழுதிவைக்கிறேன். மேப்பிள் மரங்களில் பால் சொட்ட ஆரம்பித்துவிட்டது. அதைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் ஆவியில் நெளிகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேவிஸ் பள்ளிக் கூட்டத்தைத் திறந்தாள். பெவ் செய்த பாகு போட்ட பீன்ஸை எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள். அது எனக்கு நல்லதாகப் போனது. யாராலும் எழுந்து போக முடியவில்லை.

நான் எழுந்தேன். கூட்டத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேசக்கூடாது, எல்லாமே மேவிஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்பது பழைய விதி. அதை எதற்கு வைத்தார்கள் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. நம் இரண்டு பேருக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

"தலைவரம்மா, வாரியத் தலைவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்ட கேளுங்க ஆர்மாண்ட், நான் அவரக் கேக்கறேன்."

"டாக்டர் பிரெஸ்காட் நகரத்துலேர்ந்து நம்ம பள்ளிக்கூடத்துக்கு வாரத்துல எத்தன நாள் வர்றாருன்னு கேளுங்க."

நீ இரண்டு வரிசை தள்ளி நின்றாய். என்னைப் பார்க்காமல் மேவிஸின் சுத்தியைப் பார்த்துப் பேசினாய்.

"தலைவரம்மா, அவரு வேலைய நாளால அளக்க முடியாதுன்னு சொல்லுங்க."

"தலைவரம்மா, அவன் மாடு வாங்கினப்பவும் பால அளக்காமத்தான் வாங்கினானான்னு கேளுங்க."

"ஆர்மாண்ட், இன்னிக்கு அறிவிப்புல மாடு இல்ல."

"தலைவரம்மா, எங்கண்ணனைத் தொப்பியக் கழட்டச் சொல்லுங்க. கூட்டத்துல நிக்கறாரு."

"தலைவரம்மா, என் தம்பிகிட்டச் சொல்லுங்க. கழட்டினா அவன் தலை மாதிரியே என் தலையும் வழுக்கைன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்."

கழட்டினேன். சிரித்தார்கள். நீயும் வாய்க்குள் சிரித்தாய், நான் பார்த்தேன்.

நார்ம் பிக்கெட் எழுந்தான். "தலைவரம்மா, இவங்க ரெண்டு பேரையும் நேராவே பேசிக்க விடுங்க. அங்கயும் இங்கயும் திரும்பி எங்களுக்குக் கழுத்து வலிக்குது."

"விதி விதிதான் நார்ம். உக்காருங்க."

அப்புறம் நீ சமையலறையைச் சொன்னாய், பேருந்தைச் சொன்னாய். நீ கடிதத்தில் எழுதியபடியே சொன்னாய், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பெவ் கரண்டியைக் கீழே வைத்தாள். தொகையைக் குறைக்கச் சொல்லி நான் எழுதி வந்த தாள் கையில் இருந்தது. உன் கடிதம் வந்த அன்றைக்கே அது உதவாது என்று எனக்குத் தெரியும். அதை மடித்துப் பையில் வைத்தேன்.

"தலைவரம்மா, நான் ஒரு காசுகூடக் கொறைக்கச் சொல்லல. என் தம்பி சொல்றது சரி, கொறச்சா பெவ் தலைமேலதான் விழும். அதனால கொறைக்க வேணாம். மொத்த பட்ஜெட்டையும் வேணாம்னு சொல்லுங்க. முழுசா. வாரியம் அடுத்த மாசம் வேற ஒண்ணு கொண்டு வந்தாகணும். அதுல இரண்டு மடங்குக்கு மேல இல்லங்கற விதி இருந்தா சரின்னு சொல்லுவோம். இல்லேன்னா ஏப்ரல்லயும் வேணாம்னு சொல்லுவோம். மே மாசமும் சொல்லுவோம். எனக்கு மே மாசம் வேற வேலை இல்ல."

நீ என்னைப் பார்த்தாய். அக்டோபருக்கு அப்புறம் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பிரெஸ்காட் பேச எழுந்தார். அவருக்கு இந்த ஊரில் ஓட்டு இல்லை, அதனால் ஊர் அனுமதி கொடுத்தால்தான் பேசலாம் என்று மேவிஸ் சொன்னாள். அந்த மனுஷன் முகம் சிவந்துபோனது. நம் பள்ளியை நடத்துகிறவர் நம்மிடம் வாய் திறக்க அனுமதி கேட்டு நிற்கிறார். நான்தான் முதலில் கை தூக்கினேன், அதை நீ குறிப்பில் எழுது. அவர் கௌரவமாகப் பேசினார். பூட்டிக் கிடந்த பள்ளியைத் திறந்தவர் அவர்தான், அதை நான் மறுக்கமாட்டேன். "இதே வேலைக்கு வேற ஊர்ல இதவிட அதிகம் தர்றாங்க"ன்னு சொன்னபோது பின்னாலிருந்து யாரோ, "அப்ப அங்க பனி கொஞ்சமா இருக்கும், போய்ட்டு வாங்க"ன்னார்கள். அது நான் இல்லை. அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் விரோதம் கிடையாது. அவர் கேட்டார், கொடுத்தது நீங்கள்.

சீட்டு வாக்கு கேட்டோம். வரிசையில் நின்றேன். சீட்டில் வேண்டாம் என்று எழுத வேண்டும். இதுவரைக்கும் ஒவ்வொரு வருஷமும் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து அதே வடிவத்தை வரைந்துவிட்டு வருவேன். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல் எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மெதுவாகத்தான் எழுதினேன்.

எண்ணி முடித்து மேவிஸ் வாசித்தாள். பட்ஜெட் தோற்றது. கொஞ்ச வாக்கில்தான். தோற்றால் தோற்றதுதான்.

அடுத்தது உன் நாற்காலி. நார்ம் எழுந்து என் பெயரைச் சொன்னான். கை தட்டினார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். நான் நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன், உனக்கும் தெரியும்.

"தலைவரம்மா, எனக்கு வேணாம். வாரியம் கூடறது செவ்வாய்க்கெழம சாயங்காலம். செவ்வாய்க்கெழம எனக்கு வகுப்பு இருக்கு."

"வகுப்பு ஜூனோட நிக்குதே ஆர்மாண்ட்"ன்னாள் மேவிஸ்.

"நிக்காது தலைவரம்மா."

அப்புறம்தான் உன் பெயரைச் சொன்னேன். நீ அதை இரக்கம் என்று நினைத்தால் தப்பு. பிரெஸ்காட்டுக்குக் கையெழுத்துப் போட்டது நீ. ஊர் வேண்டாம் என்று சொன்னதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் நீதான். புதிதாக ஒருவன் வந்தால், முன்னால் இருந்தவன் செய்தது என்று தப்பித்துவிடுவான். உன்னைத் தப்பிக்க விடமாட்டேன்.

பாகு பொங்குகிறது. நிறுத்துகிறேன்.

ஆர்மாண்ட்


ஏப்ரல் 14

ஆர்மாண்ட்,

உன் கடிதத்தை வாரியத்தில் யாருக்கும் காட்டவில்லை. வீட்டில் காட்டினேன். மாட்டு விஷயத்தில் என் மனைவி உன் பக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். பிரெஸ்காட்டிடம் நான்தான் போனேன். ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடுவார் என்று பயந்துதான் போனேன். அவர் சொன்னது: "ஊர் வேண்டாங்கற பணத்த சட்டத்தக் காட்டி வாங்கமாட்டேன் மிஸ்டர் கோத்ரோ. கொறஞ்ச பணத்துக்கு இருக்கவும் மாட்டேன்." ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜூன் முடிந்ததும் போகிறார். அவர் கையைக் குலுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அதில் கொஞ்சம் உன் பங்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விதி மீதான வாக்கு வாரியத்தில் சமமாகப் பிரிந்தது. முடிவு செய்யும் தலைவர் வாக்கு என்னுடையது. போட்டேன். இரண்டு மடங்குக்கு மேல் இல்லை. நான் மனம் மாறவில்லை, ஆர்மாண்ட். விதி தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊர் சொன்னதால் போட்டேன். நேற்று நடந்த இரண்டாம் கூட்டத்தில் புதிய பட்ஜெட் நிறைவேறியது, நீயே பார்த்தாய். பெவுக்கு முழு நாள். உன் வகுப்பு கிறிஸ்துமஸ் வரைக்கும். அதற்கு மேல் பணம் இல்லை, கேட்காதே.

இப்போது உன் வெற்றியின் மறுபக்கத்தைக் கேள். புதிய நிர்வாகிக்கு விளம்பரம் கொடுத்தோம். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. மெய்ன் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி மட்டும் தொலைபேசியில் பேசினாள். அவள் பெயர் கான்ஸ்டன்ஸ் வீவர். சம்பளத்தைச் சொன்னேன், "பரவால்ல"ன்னாள். குடியிருக்க வீடு கிடைக்குமா என்று கேட்டாள். வெல்டனில் வாடகைக்கு வீடு எங்கே இருக்கிறது? கோடைக்கு மட்டும் வருகிறவர்கள் வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் வீடுகள்தான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அந்த மாதிரிக் குரல் எனக்குத் தெரியும், யோசிக்கப் போவதில்லை.

ஜூலையில் யாரும் வரவில்லை என்றால் அந்த அறிக்கைகளுக்கெல்லாம் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அந்த வேலை தெரியாது. ஜனவரியில் பள்ளி மறுபடியும் பூட்டினால், எத்தனை விதி போட்டாலும் கொதிகலன் தானாக எரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? இதை நேரில் பேச வேண்டும்.

லூசியன்


மேட்டுச் சாலை
ஏப்ரல் 18

லூசியன்,

நீ சொன்னதில் வெட்கப் பங்கை எடுத்துக்கொள்கிறேன். அந்த மனுஷன் நான் நினைத்ததைவிட நிமிர்ந்த ஆள். அவருக்கு ஒரு டப்பா பாகு அனுப்பினேன், கூடவே இரண்டு வரி எழுதினேன். அனுப்பக்கூடாது என்று நீ சொல்வாய், அதனால்தான் முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

விதியை விடமாட்டேன். இந்தச் சம்பளத்துக்கு இந்த மலைக்கு யார் வருவார்கள் என்று நீ முதல் கடிதத்திலிருந்து கேட்கிறாய். நானும் அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. என் வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. உன் அண்ணி தெரேஸ் போனதிலிருந்து நான் அந்தப் படி ஏறுவதே இல்லை. மூன்று அறை, தனி வாசல், ஏரி தெரியும். நேற்று விறகடுப்பைச் சுத்தம் செய்து பற்றவைத்துப் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. அந்த வீவர் அம்மாவுக்கு மறுபடியும் தொலைபேசி செய். வீடு இருக்கிறது, வாடகை இல்லை, பாலும் பாகும் உண்டு, மேட்டுச் சாலையில் பனி தள்ள நான் இருக்கிறேன் என்று சொல். வராவிட்டால் விளம்பரத்தில் போடு. அதைப் பார்த்து அடுத்தவர் வரட்டும். வீட்டுக்காரன் நல்லவனா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு.

கிறிஸ்துமஸ் வரைக்கும்தானா வகுப்பு? சரி. அடுத்த மார்ச்சுக்கு இப்போதே தலைப்பு எழுதிவிட்டேன், பள்ளிக் கூட்டத்துக்கு என்று.

ஞாயிற்றுக்கிழமை வா. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டு, நான் தொடமாட்டேன். ஆனால் என்னை எதிர்த்து என்ன பேசப் போகிறாயோ அதை முன்னாலேயே எழுதி அனுப்பிவிடு. வாய்ப்பேச்சில் எப்போதும் நீதான் ஜெயிப்பாய். காகிதத்தில் என்றால் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஆர்மாண்ட்